மண்பாதையில் பதினைந்து நிமிடம்

(மூத்தோருக்கான உடல்நலச் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை, தாதியும் இல்லை. மொழிபெயர்ப்பாளர். பலதுறை மருந்தகத்தில் உங்கள் எண் வரும்வரை கையில் எடுத்துப் புரட்டுகிறீர்களே, அந்தத் துண்டுப் பிரசுரங்களில் சிலவற்றைத் தமிழில் எழுதித் தருவது என் வேலை. ஆகவே இன்று நான் சொல்லும் மருத்துவக் குறிப்புகள் நிபுணர்களுடையவை. மற்றவை என் அம்மாவிடமிருந்து வந்தவை.

சில காலத்துக்கு முன் ‘நேச்சர் டிரெயில்’ என்ற சொல்லைத் தமிழில் எழுத வேண்டியிருந்தது. ‘இயற்கை நடைபாதை’ என்று எழுதினேன். எழுதியதை ஒரு மூத்தவரிடம் காட்டி, “என்ன புரிகிறது?” என்று கேட்டேன். “நம்ம புளோக்குக்குக் கீழே இருக்கிற சிமெண்டுப் பாதைதானேம்மா? அதில்தான் தினமும் சந்தைக்குப் போகிறேனே” என்றார். சொல் தப்பில்லை, ஆனால் அவர் மனத்தில் எழுந்த பாதை வேறு. இரு பக்கமும் செடி கொடி, காலடியில் மண், நடுவே ஆள் நடந்து நடந்து தேய்ந்த தடம் என்று விளக்கியதும், “ஒற்றையடிப் பாதை என்று சொல்ல வேண்டியதுதானே!” என்றார். அடுத்ததாக அவர் சொன்னதுதான் இந்த உரைக்குக் காரணம். “அதெல்லாம் எங்களுக்கு இல்லம்மா. விழுந்துவிட்டால்?”

விழுந்துவிட்டால் என்ற இந்தக் கேள்வியை நான் வீட்டில் பத்து மாதம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் அம்மா சந்தையில் ஈரத்தரையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. முழங்கையில் சிராய்ப்பு, இடுப்பில் வலி, அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் வலி போய்விட்டது. பயம் போகவில்லை. முதலில் சந்தைக்குப் போவதை நிறுத்தினார். பிறகு கோயிலுக்கு. பிறகு கீழே அண்டை வீட்டாருடன் உட்கார்ந்து பேசுவதையும். “வீட்டுக்குள்ளேயே இருந்தால் பத்திரம்” என்று நாங்களும் சொன்னோம். பிள்ளைகளாகிய நாங்கள் செய்த தவறு அது. பத்திரமாக உட்கார வைத்த அம்மாவுக்கு ஆறு மாதத்தில் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. அதற்கடுத்த மாதம் வீட்டுக்குள்ளேயே, குளியலறை வாசலில், மறுபடியும் விழுந்தார்.

அம்மாவைப் பார்த்த உடற்பயிற்சி சிகிச்சையாளர் எங்களுக்கு விளக்கியது இது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் ஒருமுறையாவது விழுகிறார் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. விழுந்தவருக்குப் பயம் வருவது இயல்பு. பயந்தவர் நடப்பதைக் குறைக்கிறார். நடை குறைந்தால் தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் இளைக்கின்றன. பாதம் தரையை உணர்ந்து உடம்பை நிறுத்திப் பிடிக்கும் பழக்கமும் மங்குகிறது. அப்புறம் விழுவதற்கு ஈரத்தரை வேண்டியதில்லை, வாசற்படி போதும்.

இதற்கு மருந்துக் கடையில் மாத்திரை இல்லை. தசைக்கும் சமநிலைக்கும் வேலை கொடுப்பது ஒன்றுதான் வழி. சிங்கப்பூரின் உடற்பயிற்சி வழிகாட்டி நெறிகள், மூத்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான வேகத்தில் உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்கின்றன. அத்துடன், வாரத்தில் குறைந்தது மூன்று நாள் தசை வலுவுக்கும் சமநிலைக்குமான பயிற்சிகளையும் செய்யச் சொல்கின்றன. நம்மில் பலர் முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு, இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறோம். ‘தினமும் நடக்கிறேனே, போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நடப்பது நல்லதுதான். ஆனால் வழுவழுப்பான சிமெண்டுத் தரையில் மட்டுமே நடக்கும் கால், வழுவழுப்பான சிமெண்டுத் தரைக்கு மட்டுமே பழகுகிறது. மண்பாதை அப்படியில்லை. ஓரிடத்தில் சற்று மேடு, ஓரிடத்தில் பொடிக்கல், ஓரிடத்தில் புல். ஒவ்வோர் அடியிலும் கணுக்கால் கொஞ்சம் வேலை செய்கிறது, கண் தரையைப் படிக்கிறது. அளவோடு செய்தால் இதுவே நல்ல சமநிலைப் பயிற்சி.

‘அளவோடு’ என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். நாற்காலியிலிருந்து எழச் சிரமப்படுகிறவர் நேராக மண்பாதைக்குப் போகக் கூடாது. அம்மாவும் போகவில்லை. முதல் ஆறு வாரம் வீட்டிலேயே இரண்டு பயிற்சிகள். உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, எழுந்து எழுந்து உட்கார்வது ஒன்று. சமையலறைத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது மற்றொன்று. சோறு கொதிக்கும் நேரத்தில் செய்தார். முதல் நாள் ஐந்து முறை எழுந்து உட்காருவதற்குள் மூச்சு வாங்கியது.

பிறகு எங்கே நடப்பது என்று யோசித்தபோது, நாங்கள் தேர்ந்தெடுத்தது பசுமை ரயில் பாதை.

நீங்கள் பலரும் அதில் ரயிலாகவே போயிருப்பீர்கள். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ்வரை சென்ற மலாயா ரயில் தடம்தான் அது. 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி இரவு, தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்ட கடைசி ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டிச் சென்றது நினைவிருக்கும். மறுநாள் அந்த நிலம் சிங்கப்பூரிடம் வந்தது. பெரும்பாலான தண்டவாளங்கள் எடுக்கப்பட்டன. இன்று அது ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுள்ள நடைத் தடம். காடு, வீடமைப்புப் பேட்டை, தொழிற்பேட்டை எல்லாவற்றுக்கும் நடுவே ஊரை வடக்கு தெற்காக அறுத்துக்கொண்டு போகிறது.

மூத்தோருக்கு இந்தத் தடம் ஏன் பொருத்தம் என்பதற்குக் காரணம் ரயிலேதான். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் செங்குத்தான மேட்டில் ஏறாது, வழுக்கும். ஆகவே ரயில் பாதை போட்டவர்கள் மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தை மண்கொட்டி உயர்த்தினார்கள், குறுக்கே சாலையோ ஓடையோ வந்தால் பாலம் கட்டினார்கள். புக்கிட் தீமா மலைக்குப் பக்கத்திலேயே போகும் பாதை, மலையேற்றம் எதுவும் இல்லாமல் போவது அதனால்தான். அன்று ரயில் எஞ்சினுக்காகச் சமப்படுத்திய தரை, இன்று நம் முழங்காலுக்கு உதவுகிறது.

அந்த மண்ணை வெட்டியவர்களிலும் கொட்டியவர்களிலும், தண்டவாளத்தைப் பராமரித்தவர்களிலும் நம்மவர் ஏராளம். இன்று காமன்வெல்த் டிரைவில் கோபுரத்தோடு நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில், குவீன்ஸ்வே பக்கம் ரயில்வே தொழிலாளர்கள் கும்பிட்ட சிறு கோயிலாகத்தான் தொடங்கியது. இங்கே அமர்ந்திருப்பவர்களில் அப்பாவோ தாத்தாவோ ரயில்வேயில் இருந்தவர்கள் உண்டா? அதோ, இரண்டு கை தெரிகிறது. அப்படியானால் அந்தப் பாதை உங்களுக்குச் சொந்தக்காரர் வீடு மாதிரி.

சிங்கப்பூரில் ரயில் ஓடத் தொடங்கியது 1903இல். அப்போது தடம் வேறு. டேங்க் ரோட்டிலிருந்து போனது. 1932இல் தஞ்சோங் பகார் நிலையம் திறந்தபோது தடத்தை மாற்றினார்கள். புக்கிட் தீமா ரயில் நிலையமும் அந்தச் சமயத்தில் கட்டியதுதான். சிறிய செங்கல் கட்டடம். ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்துவிடக் கூடாது என்பதற்காக, ஓட்டுநர் இந்த நிலையத்தில் ஓர் அடையாளச் சாவியைக் கொடுத்து வேறொன்றை வாங்கிக்கொண்டு போவார். சாவி கையில் இருப்பவருக்குத்தான் அடுத்த பகுதியில் செல்ல உரிமை. கணினிக் காலத்திலும், 2011வரை இங்கே அந்த முறைதான் நடந்தது. நிலையத்தைச் செப்பனிட்டு 2022 ஜூலையில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். உள்ளே பார்க்கவும் கொஞ்சம் உட்காரவும் இடமுண்டு. பக்கத்திலேயே, தண்டவாளத்தை விட்டுவைத்திருக்கும் பழைய இரும்புப் பாலம்.

நாங்கள் தொடங்கியதும் அங்கேதான். டவுன்டவுன் ரயில் தடத்தில் கிங் ஆல்பர்ட் பார்க் நிலையத்தில் இறங்கினால் அருகில். அங்கிருந்து வடக்கே, ரயில் மால் பக்கமுள்ள இன்னோர் இரும்புப் பாலம்வரை போனால் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். முதல் நாளே அதை முடிக்க நினைக்காதீர்கள். நாங்கள் போனது ஏழரை நிமிடம். திரும்பியது ஏழரை நிமிடம். மொத்தம் பதினைந்து நிமிடம். அம்மாவுக்கே ஏமாற்றம். “இதற்கா இவ்வளவு தூரம் ரயிலேறி வந்தோம்?” என்றார்.

ஆனால் அந்தக் கணக்கு முக்கியம். நடையில் பலர் செய்யும் பிழை, களைப்பு வரும்வரை போய்விட்டுப் பிறகு திரும்ப நினைப்பது. களைத்த காலோடுதான் திரும்பும் வழி முழுவதையும் நடக்க வேண்டியிருக்கும். களைத்த கால்தான் தடுக்கும். உங்களால் எவ்வளவு நேரம் முடியும் என்று நினைக்கிறீர்களோ, அதில் பாதி ஆவதற்கு முன்பே திரும்பிவிடுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள், கால் சொல்வதை நம்பாதீர்கள். அடுத்த வாரம் ஐந்து நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். பாதை எங்கும் போகாது.

வேகத்துக்கும் ஓர் எளிய அளவுகோல் உண்டு. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் மெதுவாகப் போகிறீர்கள். பேசவே முடியாவிட்டால் வேகம் அதிகம். இதற்காகவாவது துணையோடு போங்கள். தனியாகப் பேசிக்கொண்டு போனால் பார்ப்பவர்கள் வேறு மாதிரி நினைப்பார்கள்.

கைத்தடி பற்றி ஒரு வார்த்தை. தடி வைத்தால் வயதாகிவிட்டது என்று ஊர் சொல்லும் என்று சிலருக்குக் கூச்சம். அம்மாவும் ஒரு மாதம் மறுத்தார். குடையைத் தடியாக ஊன்றிக்கொண்டு போனார். குடை நுனி மண்ணில் சறுக்கியது. பிறகு ரப்பர் நுனியுள்ள தடி வாங்கினோம். எந்த முழங்கால் வலிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கக் கையில் தடியைப் பிடிக்க வேண்டும். வலது முழங்கால் வலித்தால் இடக் கையில். பலர் வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள். தடியின் கைப்பிடி, கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு இருக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். ரப்பர் நுனி தேய்ந்தால் மாற்றிவிடுங்கள்.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனமாகக் கேளுங்கள். நம்மவர்களிடையே நீரிழிவு அதிகம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களும் சில வகை நீரிழிவு மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களும் நடக்கும்போது சர்க்கரை அளவு தாழ்ந்துபோகலாம். வழக்கமான அறிகுறிகள் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, தடுமாற்றம். சிக்கல் என்னவென்றால், நம் ஊர் வெயிலில் நடக்கிறவர் எல்லோருக்கும் வியர்க்கும். அது வெயிலா சர்க்கரையா என்று தெரியாது. சில ரத்த அழுத்த மாத்திரைகள் படபடப்பையும் மறைத்துவிடும். ஆகவே வெறும் வயிற்றில் போகாதீர்கள். சட்டைப் பையில் இனிப்பு வைத்திருங்கள். சந்தேகம் வந்தால் உடனே உட்கார்ந்து, மூன்று தேக்கரண்டி சர்க்கரைக்குச் சமமான இனிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அரை கிளாஸ் சாதாரணக் குளிர்பானம் போதும். சர்க்கரையில்லாத வகை இதற்கு உதவாது. பதினைந்து நிமிடம் பொறுத்து, சரியாகாவிட்டால் மறுபடியும் எடுங்கள். “இன்னும் கொஞ்ச தூரம்தானே” என்று நடந்துவிடாதீர்கள். உங்கள் மாத்திரை அந்த வகையா என்பதை மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் எந்தக் காரணத்துக்காகவும் வெறுங்காலிலோ செருப்பிலோ மண்பாதையில் போகக் கூடாது. மூடிய காலணி, காலுறை. போடுவதற்கு முன் காலணிக்குள் கைவிட்டு, கல் ஏதும் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வீடு திரும்பியதும் பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். வலிக்காத கொப்புளத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

தண்ணீர் மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு வெயிலில் தலை சுற்றலாம். பெஞ்சியில் உட்கார்ந்தவர்கள் சட்டென்று எழாமல், ஒரு நிமிடம் காலை ஆட்டிவிட்டு எழுந்திருங்கள். தண்ணீர் குடியுங்கள், இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவை மீறாதீர்கள். நடக்கையில் நெஞ்சில் அழுத்தம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் அத்துடன் நடை முடிந்தது. உட்காருங்கள், 995ஐ அழையுங்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். ஆகவே வழியில் காணும் பலகைகளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவதைப் பழக்கமாக்குங்கள். அண்மையில் இதய நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள், கடந்த ஆண்டில் விழுந்தவர்கள் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரைக் கேளுங்கள். ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் சேர்ந்திருந்தால், உங்கள் குடும்ப மருத்துவரிடம் அடுத்த சந்திப்பில் இதையே பேசலாம்.

மற்ற பாதைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ படி ஏற முடியாதவருக்கோ, தெலுக் பிளாங்கா பக்கம் மரங்களுக்கு நடுவே உயரத்தில் போகும் இரும்பு நடைபாலம் ஏற்றது. படியே இல்லாமல் சாய்வாகக் கட்டியிருக்கிறார்கள். கீழே பார்த்தால் தலைசுற்றுகிறவர்களுக்கு வேண்டாம். ஹோர்ட்பார்க்கில் 2016இல் திறந்த மனநலத் தோட்டம், மூத்தோரையும் மறதி நோயுள்ளவர்களையும் மனத்தில் வைத்து அமைத்தது. சுங்கை பூலோ சதுப்புநிலம் சமதரை. செப்டம்பரிலிருந்து மார்ச்வரை, சைபீரியா போன்ற தொலைதூர இடங்களிலிருந்து பறந்துவரும் பறவைகளை அங்கே பார்க்கலாம். முதலையும் உண்டு. பாதையை விட்டு இறங்காதவரை பயமில்லை.

மெக்ரிட்சி தொங்குபாலத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுப் போக ஆசைப்படுகிறவர்கள் பலர். பாலம் 250 மீட்டர்தான். ஆனால் பாலத்துக்குப் போகவும், ஒருவழிப் பாதையில் சுற்றித் திரும்பவும் காட்டுக்குள் சில மணி நேரம் நடக்க வேண்டும். வழியில் படிகள் நிறைய. ஒரு மணி நேரம் சிரமமில்லாமல் நடக்கப் பழகாதவர்களுக்கு அது இல்லை. புக்கிட் தீமா மலையும் 163 மீட்டர்தானே என்று தோன்றும். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைச் சோதிக்கும்.

இதில் எதுவும் முடியாது என்றாலும் பரவாயில்லை. உங்கள் பேட்டைக்குப் பக்கத்திலேயே பூங்கா இணைப்புப் பாதை ஒன்று இருக்கும். நாடு முழுக்க அவற்றின் மொத்த நீளம் 300 கிலோமீட்டருக்கும் மேல். அதன் ஓரத்துப் புல்தரையில் பத்து அடி எடுத்துவைத்துத் தொடங்கலாம்.

எந்தப் பாதையானாலும் காலை ஏழு, எட்டு மணி நல்ல நேரம். பசுமை ரயில் பாதையில் நிழலில்லாத பகுதிகள் உண்டு. கழிவறையும் அடிக்கடி இல்லை. ரயில் நிலையத்திலேயே போய்விட்டு வாருங்கள். மழை பெய்த மறுநாள் சில இடங்களில் சேறாக இருக்கும், அன்றைக்கு விட்டுவிடலாம். இடி முழங்கினால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள், கட்டடத்துக்குள் போங்கள். சைக்கிள்காரர்கள் வருவார்கள், மணியோசை கேட்டால் குறுக்கே ஓடாமல் இடப்பக்கமாகவே நில்லுங்கள். பாதி மணியோசை, “எந்தப் பக்கம் போவார்களோ?” என்ற அவர்களுடைய பயத்தால்தான். குரங்குகள் இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். பை சலசலத்தால் சாப்பாடு என்று அவற்றுக்குத் தெரியும். பாவம் பார்த்து வாழைப்பழம் கொடுப்பது புண்ணியமில்லை, சட்டப்படி குற்றம். கொசு மருந்தும் முழுக்கால் உடையும் மறக்க வேண்டாம்.

அம்மாவின் கதையில் நான் எதிர்பார்க்காத பகுதி ஒன்று உண்டு.

நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ, என் மகளும் எங்களுடன் வந்தாள். பள்ளிப் பாடத்துக்கு ஐந்து செடிகளைப் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும். கைத்தொலைபேசியில் படம்பிடித்துப் பெயர் தேடிக்கொண்டிருந்தாள். ஆங்கிலப் பெயரும் லத்தீன் பெயரும் வந்தன. அம்மா தடியின் நுனியால் ஒரு செடியை மெல்லத் தொட்டார். இலைகள் மூடிக்கொண்டன. “தொட்டாற்சிணுங்கி” என்றார். என் மகள் அலறிச் சிரித்தாள். அடுத்து நின்ற மரத்தை நிமிர்ந்து பார்த்த அம்மா, “இது ரப்பர். ஒரு காம்பில் மூன்று இலை பார்” என்றார். தோட்டத்தில் பிறந்தவர், அதற்குக் கைத்தொலைபேசி தேவைப்படவில்லை. ரப்பர் விதையைச் சிமெண்டில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்துப் பிள்ளையின் கையில் வைத்து அலறவிட்டது, காய் வெடிக்கும் ‘பட்’டென்ற சத்தம், அதிகாலையில் பால் வெட்டப் போன பாட்டி என்று ஒவ்வொன்றாக வந்தன. எனக்கே தெரியாத கதைகள். அன்று நாங்கள் நாற்பது நிமிடம் நடந்திருந்தோம். அம்மா கவனிக்கவில்லை.

1877இல் நம் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர் கன்றுகளைப் பற்றியும், மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை வகுத்த ரிட்லியைப் பற்றியும் பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். அந்த மரத்தில் கத்தி வைத்த கைகளைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆட்கள் நீங்கள்தான். பழைய தோட்டங்கள் இருந்த இடங்களில், காட்டோரங்களில், ரப்பர் மரங்கள் இன்னும் நிற்கின்றன. பேரப்பிள்ளையை அழைத்துப்போய்க் காட்டுங்கள். அவர்கள் உங்களுக்குத் துணை. நீங்கள் அவர்களுக்கு ஆசிரியர்.

ஒன்றே ஒன்று. வழியில் கீரையையோ மூலிகையையோ பார்த்தால் பறிக்கத் தோன்றும். பறிக்கக் கூடாது. அனுமதியில்லாமல் பூங்காவில் செடி பறிப்பது குற்றம். தவிர, நாய் எங்கே என்ன செய்ததோ யாருக்குத் தெரியும்? அம்மா இன்னமும் ஒவ்வொரு வாரமும் ஒரு கீரைப் பாத்தியைப் பார்த்துப் பெருமூச்சுவிடுகிறார்.

அம்மா முழுக்கக் குணமாகிவிட்டார் என்று சொல்லமாட்டேன். சர்க்கரை அளவு கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது, மாத்திரை தொடர்கிறது. ஈரத்தரையைப் பார்த்தால் இன்னும் என் கையைப் பிடிக்கிறார். ஆனால் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுகிறார். கோயிலுக்குத் தனியாகப் போய்வருகிறார். சந்தைக்கு இன்னும் போகவில்லை. அடுத்த மாதம் போகலாம் என்கிறார்.

நேரமாகிவிட்டது. முன்வரிசையில் ஓர் அம்மா எழுதிக்கொடுத்த கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். “சேலை கட்டிக்கொண்டு நடக்கலாமா?”

நடக்கலாம். கரை கணுக்காலுக்கு மேலே இருக்கும்படி சற்றுத் தூக்கிக் கட்டுங்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். தடி பிடிக்கும் கையில் பை வேண்டாம். காலில் கட்டாயம் விளையாட்டுக் காலணி. சேலைக்கு அது பொருந்தாது என்று யாராவது சிரித்தால், சிரிக்கட்டும். என் அம்மாவுடையது ஊதா நிறம். பேத்தி தேர்ந்தெடுத்தது.